செபாஸ்டியன் சாரை நீக்கியவர்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, வேடசந்தூர் ரோட்டில் இருந்த நூற்பாலை ஒன்றின் அலுவலக அறையில் உட்கார்ந்து முத்துக்கிருஷ்ணன் செபாஸ்டியன் சாரை நீக்கினார். அதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணினித் திரையில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். ‘இந்த உறுப்பினரைத் தடை செய்யவா?’ என்று திரை கேட்டது. ஆம் என்றார். ‘இவர் எழுதியவை அனைத்தையும் அழித்துவிடவா?’ என்று இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் ஆம் என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்கள் போயின. பிறகு அவர் காபி குடித்தார். காபி ஆறிப்போயிருந்தது.

முத்துக்கிருஷ்ணன் அந்த மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். பஞ்சு உள்ளே வருவதிலிருந்து நூலாக வெளியே போவது வரைக்கும் அவர் பொறுப்பு. கோயம்புத்தூரில் ஜவுளிப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவர். வயது நாற்பத்தொன்று. தொழிலில் கெட்டிக்காரர், கொஞ்சம் விறைப்பானவர். ஷெட்டுக்குள் நடந்தால் எந்திரங்களைத்தான் பார்ப்பாரே தவிர, எந்திரத்துக்கு முன்னால் நிற்கிறவர்களை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்.

மில் வேலையைத் தவிர அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. நூற்பாலைப் பொறியாளர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் நடந்துகொண்டிருந்தது. அகமதாபாத்தில் இருந்த தேசாய் என்ற மூத்த பொறியாளர் அதைத் தொடங்கியிருந்தார். தங்கள் மில்லில் நூல் அறுந்துகொண்டே இருந்தாலோ, நூலின் பருமனைச் சொல்லும் நம்பர் ஏறி இறங்கினாலோ, உறுப்பினர்கள் அதில் போய்க் கேள்வி எழுதுவார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். ராஜபாளையத்திலிருந்தும் பானிபட்டிலிருந்தும் டாக்காவிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். அவர்களை ஒழுங்காக நடத்திச் செல்ல மூன்று மட்டுறுத்துநர்கள். அதில் ஒருவர் முத்துக்கிருஷ்ணன்.

அந்த மன்றத்தில் இரண்டு வருடமாக எல்லோரும் மதித்த ஒரு பெயர் ‘செபாஸ்தி’. ஊர் திண்டுக்கல் என்று போட்டிருந்தது. செபாஸ்டியன் என்பதன் சுருக்கமாக இருக்கும் என்று யாரோ முதலில் ‘செபாஸ்டியன் சார்’ என்று எழுத, அதுவே நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவர் வருவார். எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுதுவார். வாக்கியம் மூன்று சொல்லைத் தாண்டாது. வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. தந்தி அடித்த மாதிரி இருக்கும். ஏதோ பெரிய மில்லில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற, யாருக்கும் பணியாத ஒரு கிழவரை எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள்.

ஆனால் பதில் சரியாக இருக்கும். பானிபட்காரர் ஒருவர் தம் எந்திரத்தில் ஒரே இடத்தில் மட்டும் நூல் அறுகிறது என்று அளவுகளையும் படங்களையும் போட்டு மூன்று பக்கம் எழுதியிருந்தார். பொறியாளர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். செபாஸ்டியன் சார் எழுதியது இவ்வளவுதான்: ‘மேலே பார். விசிறி அங்கே நிற்கிறதா?’ நின்றது. தூசி தட்டுவதற்காக எந்திரத்துக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் விசிறி, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தயங்கி நின்று ஊதித்தள்ளியிருக்கிறது. முத்துக்கிருஷ்ணனுக்கே ஒருமுறை பதினான்காம் நம்பர் எந்திரத்தில் தொல்லை வந்தபோது, ‘கதவு எந்தப் பக்கம்?’ என்று ஒற்றைக் கேள்வி வந்தது. கதவுப் பக்கம்தான் நூல் அறுந்தது. ஒரு தட்டியை வைத்து மறைத்தார். தீர்ந்தது. அன்றைக்கு அவர் எழுதிய நன்றிக்குப் பதில்கூட வரவில்லை.

அப்படிப்பட்ட ஆளை நீக்க வேண்டி வந்தது முத்துக்கிருஷ்ணனின் மில்லில் எழுந்த ஒரு பிரச்சினையால்தான்.

ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கிய இரண்டாவது வாரம், புதிதாக வந்த பஞ்சில் நூற்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எந்திரங்களின் ரோலரில் பஞ்சு ஒட்டிச் சுற்றிக்கொள்ளத் தொடங்கியது. சுற்றினால் நூல் அறுந்துவிடும். அறுந்ததை ஒட்ட வேண்டும். ரிங் ஃபிரேம் என்ற நூற்பு எந்திரத்தின் ஒரு பக்கம் முழுவதையும் பார்த்து, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடக்கிறவர்களை மில்லில் சைடர் என்பார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. முத்துக்கிருஷ்ணன் மன்றத்தில் விவரம் எழுதிக் கேட்டார்.

டாக்டர் வரதன் என்ற ஆலோசகர் உடனே பதில் எழுதினார். முனைவர் பட்டம் பெற்றவர். பல மில்களுக்கு ஆலோசனை சொல்கிறவர். ‘ஆடிக்காற்று வறண்ட காற்று. ஷெட்டில் ஈரம் குறைந்திருக்கும். நீர் தெளிப்பானைக் கூட்டி ஈரப்பதத்தை ஏற்றுங்கள்’ என்று காரண காரியத்தோடு விளக்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செபாஸ்டியன் சார் வந்தார்.

‘தண்ணீரைக் குறை. பஞ்சு இனிப்பு. நாக்கில் வைத்துப் பார்.’

மன்றமே சிரித்தது. டாக்டர் வரதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘இது பொறியாளர்கள் கூடும் இடமா, சமையல்காரர்கள் கூடும் இடமா? என்னோடு மாறுபடுகிறவர் தம் கல்வித் தகுதியைச் சொல்லட்டும்’ என்று எழுதினார். தேசாயும் அதை ஒட்டி, உறுப்பினர் தம் பட்டத்தின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டார். பட்டமோ பட்டயமோ பெற்றவர்களுக்கு மட்டுமே இடம் என்பது மன்றத்தின் விதி. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

‘பட்டம் இல்லை. எட்டாம் வகுப்பு. சைடர். ரிங் ஃபிரேம். இருபத்தாறு வருடம்.’

மூன்று நாள் மட்டுறுத்துநர்களுக்குள் மின்னஞ்சல் பறந்தது. விதியை ஒருவருக்காகத் தளர்த்த முடியாது என்றார் தேசாய். தகுதியில்லாத ஒருவர் சொன்னதைக் கேட்டு எந்த மில்லிலாவது விபத்து நடந்தால் மன்றம்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எழுதியதையும் அழிப்பதே முறை என்றார். கோயம்புத்தூரில் இருந்த மூன்றாவது மட்டுறுத்துநர் ஆமாம் என்றார். முத்துக்கிருஷ்ணனும் ஆமாம் என்றார். ‘உங்கள் ஊர்க்காரர், நீங்களே செய்துவிடுங்கள்’ என்று தேசாய் எழுதினார். செய்துவிட்டார்.

அன்று மதியம் அவர் ஷெட்டுக்குள் போனார். டாக்டர் வரதன் சொன்னபடி நீர் தெளிப்பானைக் கூட்டி எட்டு நாள் ஆகியிருந்தது. உள்ளே நுழைந்தாலே சட்டை முதுகில் ஒட்டியது. பஞ்சு முன்னைவிட இரண்டு மடங்கு சுற்றியது. ஒன்பதாம் நம்பர் எந்திரத்தின் பக்கத்தில் ஒச்சம்மாள் என்ற சைடர், ரோலரில் சுற்றிய பஞ்சைக் கொக்கியால் அறுத்தெடுத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த டப்பாவின் விளிம்பில் ஏதோ நகர்ந்தது. முத்துக்கிருஷ்ணன் குனிந்து பார்த்தார்.

எறும்பு. தரையிலிருந்து எந்திரத்தின் கால் வழியாக வரிசையாக ஏறி டப்பாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து நாக்கில் வைத்தார். லேசாக, மிகவும் லேசாக, இனித்தது.

“ஏன் சார், பஞ்சப் போயி திங்கிறீங்க?” என்றாள் ஒச்சம்மாள்.

“இந்த எறும்பு எப்பருந்து வருது?”

“அது ரெண்டு வாரமா வருது சார். புதுப் பஞ்சு வந்த மக்யா நாளே வந்துருச்சு.”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

ஒச்சம்மாள் அறுந்த நூலொன்றை ஒட்டிவிட்டுத் திரும்பினாள். “நீங்க கேக்கலியே சார்,” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அடுத்த நூலை ஒட்டப் போய்விட்டாள்.

முத்துக்கிருஷ்ணன் அங்கேயே நின்றார். செடியில் அசுவினிப் பூச்சி விழுந்து சர்க்கரைத் தண்ணீரைப் போல ஒன்றைப் பஞ்சின் மேல் கழித்துவிடும் என்பதும், அந்தப் பஞ்சு ஈரம் பட்டால் பிசுபிசுக்கும் என்பதும் அவர் படித்த பாடம்தான். இருபது வருடத்துக்கு முன்னால் தேர்வில்கூட எழுதியிருக்கிறார். ஆனால் ஞாபகத்துக்கு வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. எட்டாம் வகுப்புப் படித்த ஒரு ஆள், பஞ்சைக் கண்ணால் பார்க்காமல், எங்கோ ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

தண்ணீரைக் குறைத்தார். புதுப் பஞ்சைப் பழைய பஞ்சோடு கலந்து ஓட்டச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஷெட் சீராகிவிட்டது. சைடர்கள் நின்று தண்ணீர் குடிக்க முடிந்தது.

திங்கட்கிழமை மன்றத்தில் எழுதினார். ‘நாம் நீக்கிய உறுப்பினர் சொன்னதே சரி. என் மில்லில் செய்து பார்த்துவிட்டேன். அவரை நீக்கியது நான். தவறு செய்துவிட்டோம்.’ ஒரு மணி நேரத்தில் அந்தப் பதிவு காணாமல் போனது. தேசாயிடமிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது: ‘ஒரு பதில் சரியாக இருந்தது என்பதால் விதி தவறாகிவிடாது.’ சரி, அழித்தவற்றையாவது திரும்பக் கொண்டுவரலாமா என்று முத்துக்கிருஷ்ணன் கேட்டார். முடியாது, நகல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

மன்னிப்புக் கேட்டு அந்த உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தபோதுதான் முகவரியைக் கவனித்தார். அது ஆள் பெயரில் இல்லை. திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு பிரவுசிங் சென்டரின் பெயரில் இருந்தது. எழுதுவதைவிட நேரில் போவதே முறை என்று பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டு போனார்.

பேகம்பூர் பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த சென்டர். பிளைவுட் தடுப்பு வைத்து ஆறு கணினிகள். நடத்துகிறவர் ஷப்னம் என்ற பெண். முப்பது வயது இருக்கும். பெண் நடத்துகிற இடம் என்பதால் பொம்பளைப் பிள்ளைகளின் கூட்டம் எப்போதும் இருக்கும்.

“செபாஸ்டியன்னு ஒருத்தர் இங்க வருவாரா? மில்லுல வேலை பாக்குறவர். நூல் சம்பந்தமா இங்கிலீஷ்ல எழுதுவார்.”

ஷப்னம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். “செபாஸ்தியம்மா அக்காவைச் சொல்றீங்களா சார்? சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வருவாங்க. செத்த நேரம் உக்காருங்க.”

முத்துக்கிருஷ்ணன் உட்கார்ந்தார். ஷப்னமே பேசினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு பார்க்க அந்த அம்மாள் வந்தாராம். மார்க் வந்தது. பிள்ளை பாஸ். மற்றவர்களெல்லாம் எழுந்து போய்விட்டார்கள். இவர் மட்டும் எழவில்லை. ‘இதுல என்ன கேட்டாலும் சொல்லுமா? மெஷின்ல ரிங் டிராவலர் ஏன் சீக்கிரம் தேயுதுன்னு கேட்டாச் சொல்லுமா?’ என்று கேட்டாராம். தேடிப் பார்த்ததில் மன்றம் வந்தது. படிக்கப் படிக்க அந்த அம்மாளுக்கு முகம் மாறிப்போனது. ‘இவங்க சொல்றதெல்லாம் தப்பு, ஷப்னம்’ என்றாராம்.

“நாந்தான் பேரு பதிஞ்சு குடுத்தேன். முழுப்பேரும் அந்தக் கட்டத்துல அடங்கல சார். பாதிதான் ஏத்துக்கிச்சு. பெரிய எழுத்து பட்டன் அமுங்கியே கெடந்துருக்கு, அக்காவுக்கு அத எடுக்கத் தெரியல. அப்பறம் சொல்லிக் குடுத்தேன். இதே இருக்கட்டும், கண்ணுக்குத் தெளிவா இருக்குன்னுட்டாங்க.”

“இங்கிலீஷ் எங்க படிச்சாங்க?”

“எட்டாவதோட நின்னுட்டாங்களே. மில்லுல பழைய மெஷின் புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுருக்காங்க. அக்கா அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து, டிக்சனரி வச்சு நாலஞ்சு வருசமாப் படிச்சாங்களாம். அதுல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே எழுதுறாங்க. ‘செக் பண்ணு, மாத்து, தொட’ன்னு.”

யாருக்கும் பணியாத ஓய்வுபெற்ற ஜெனரல் மேனேஜர் அப்படித்தான் பிறந்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு செபாஸ்தியம்மாள் மாடியேறி வந்தார். ஒடிசலான உடம்பு. சர்ச்சுக்குக் கட்டிய வெளுத்த சின்னாளப்பட்டிச் சேலை. வலது கை ஆள்காட்டி விரல் நுனியில், வருடக்கணக்காக நூல் ஓடி ஓடி விழுந்த கோடு. ஷப்னம் சொல்லி முடிக்கும் முன்பே முத்துக்கிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

“நான் முத்துக்கிருஷ்ணன். உங்களை நீக்குனது நாந்தான்ம்மா.”

“தெரியும் சார். நீக்கியாச்சுன்னு மெயில்ல வந்த கடுதாசிக்குக் கீழ உங்க பேருதான போட்டுருந்துச்சு.” செபாஸ்தியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: “பஞ்சு இனிச்சுச்சா?”

மன்னிப்புக் கேட்க ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் முத்துக்கிருஷ்ணனுக்கு மறந்துபோயின. “இனிச்சுது,” என்றார்.

“எறும்பு வந்துருக்குமே?”

“வந்துருச்சு.”

“தண்ணிய எம்புட்டுக் கொறச்சீங்க? பஞ்சு சீவுற கார்டிங்குலயும் கொறச்சீங்களா, இல்ல ரிங் ஃபிரேமுல மட்டுமா? அங்க கொறைக்காட்டி இங்க கொறச்சுப் பிரயோசனமில்ல சார். ரோலரை ரெண்டு மணிக்கொருக்கா ஈரத்துணியால தொடச்சு, காஞ்ச துணியால ஒத்திவிடச் சொல்லுங்க. ஈரத்தோட விட்டுறக் கூடாது.”

கால் மணி நேரம் பேச்சு பஞ்சிலேயே ஓடியது. முத்துக்கிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அந்த அம்மாள் எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது கை தானாகக் காற்றில் நூலை ஒட்டியது. இத்தனை வருடத்தில் எந்தக் கருத்தரங்கிலும் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. புத்தகத்தில் உள்ளது எல்லாமே இதில் இருந்தது. புத்தகத்தில் இல்லாததும் இருந்தது.

பேச்சு ஓய்ந்ததும்தான் முத்துக்கிருஷ்ணன் மெல்லச் சொன்னார். “உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருந்துருக்கும்.”

செபாஸ்தியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீக்குனது கூடப் பெருசாப் படல சார். படிச்சவங்க எடம், படிக்காத நான் போயி உக்காந்தேன். ரெண்டு வருசமா செபாஸ்டியன் சார்னு எழுதுறாங்க, நானும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. அது எந்தப்பு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. மில்லுல ‘ஏ, அஞ்சாம் நம்பரு’ம்பாங்க. இங்க வந்தா சாரு.” சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். “ஆனா எழுதுனத எதுக்கு சார் அழிச்சீங்க? மில்லுல நான் என்ன சொன்னாலும் ஷிப்டு முடிஞ்சா போச்சு. காத்தோட போயிரும். இது ஒண்ணுதான் நிக்கும்னு நெனச்சேன். வந்து பாத்தா ஒண்ணுமேயில்ல. நான் இருந்த தடமே இல்ல.”

முத்துக்கிருஷ்ணன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். ஷப்னம் இரண்டு டீ வாங்கி வரச் சொல்லிப் போன் செய்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முத்துக்கிருஷ்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மன்றத்தில் பொதுவாக எழுதினால் அழித்துவிடுவார்கள். ஆகவே உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக எழுதினார். தினமும் காலையில் மில்லுக்குப் போனதும் முப்பது பேருக்கு. யார் செபாஸ்டியன் சார் என்பதையும், நடந்ததையும், தாம் செய்ததையும் மறைக்காமல் சொல்லி, ‘அவர் உங்களுக்குச் சொன்ன பதில் எதையாவது சேமித்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்’ என்று கேட்டார். விஷயம் தெரிந்து தேசாய் கோபப்பட்டார். மட்டுறுத்துநர் பொறுப்பிலிருந்து முத்துக்கிருஷ்ணனை எடுத்துவிட்டார். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

முதல் வாரம் நான்கே நான்கு பதில். பிறகு வரத்தொடங்கின. பானிபட்காரர் பத்து பதில்களை அச்செடுத்து வைத்திருந்தார். ஈரோட்டு மில் மேனேஜர் ஒருவர் ‘செபாஸ்டியன்’ என்று பெயரெழுதிய கோப்பு ஒன்றையே அனுப்பிவைத்தார். பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. டாக்காவில் ஒரு மில்லில் அந்த மூன்று சொல் வாக்கியங்களை வங்காளத்தில் பெயர்த்து எழுதி ஷெட் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். சுவரைப் படம் எடுத்து அனுப்பினார்கள். எழுதியது ஒரு சைடர் என்று தெரிந்ததும் அங்கே இருந்த சைடர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் தபாலில் கனமான உறை ஒன்று வந்தது. அனுப்பியவர் டாக்டர் வரதன். உள்ளே நாற்பத்தொரு பதில்கள், தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் குறிப்பு. கூடவே ஒரு கடிதம். ‘இவற்றை இரண்டு ஆண்டுகளாக என் அறிக்கைகளில் பயன்படுத்தி வந்திருக்கிறேன். யார் சொன்னது என்று எங்கும் குறிப்பிட்டதில்லை. தகுதியைக் கேட்டவன் நான். கேட்டிருக்கக் கூடாதவனும் நானே. தேசாய்க்கும் இதையே எழுதியிருக்கிறேன்.’ முத்துக்கிருஷ்ணன் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் மனதில் டாக்டர் வரதன் ஒரு படி உயர்ந்துவிட்டார்.

தேசாய் பிடிவாதக்காரர்தான். ஆனால் நியாயம் தெரியாதவர் இல்லை. இத்தனை மில்களிலிருந்து கடிதம் வந்து குவிந்த பிறகு விதியை வாக்கெடுப்புக்கு விட்டார். பட்டமோ பட்டயமோ, அல்லது எந்திரத்தின் முன் பத்தாண்டு அனுபவமோ இருந்தால் போதும் என்று விதி மாறியது. திரட்டிய பதில்களைப் பழையபடி மன்றத்தில் ஏற்றுவதற்கும் ஒப்புக்கொண்டார். இருநூற்று அறுபத்தெட்டு தேறியிருந்தன.

இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில் முத்துக்கிருஷ்ணன் அவற்றை அச்செடுத்து, பைண்டிங் போட்டு, மேட்டுப்பட்டியில் இருந்த செபாஸ்தியம்மாளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய கணவர் மரியசெல்வம் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறவர். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இம்புட்டும் நீ எழுதுனதா?” என்று மனைவியைக் கேட்டார். செபாஸ்தியம்மாள் அதற்குள் அதை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்திருந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமை ஏத்திறலாம்மா,” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“ரெண்டு வாரம் பொறுங்க சார். நான் பாத்துச் சொல்றேன்.”

இரண்டு வாரம் கழித்து ஷப்னத்தின் சென்டருக்குப் புத்தகம் வந்தபோது அதில் ஏழு பக்கங்கள் மடிக்கப்பட்டிருந்தன.

“இந்த ஏழும் தப்பு சார். அப்ப எனக்குத் தெரியல. பெறகு எஞ் சைடுலயே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“அதை விட்டுட்டு மத்ததை ஏத்திருவோம். யாருக்குத் தெரியப்போகுது?”

“விடக் கூடாது சார். தப்புன்னு எழுதி ஏத்தணும். யாராச்சும் அதப் பாத்து இன்னமும் அப்பிடியே செஞ்சுக்கிட்டு இருப்பாங்கள்ல?” ஏழாவது மடிப்பைப் பிரித்துக் காட்டினார். “மொதல்ல இத எழுதணும்.”

ராஜபாளையத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி அது. குறிப்பிட்ட ஒரு சைடில் மட்டும் நூல் அதிகம் அறுகிறது என்றிருந்தார். கீழே பெரிய எழுத்தில் பதில்: ‘சைடர் கவனமில்லை. ஆளை மாற்று.’

“சேந்த புதுசு சார். எல்லாரும் அப்பிடித்தான் எழுதிக்கிட்டு இருந்தாங்க. சாரு மாதிரி எழுதணும்னு நானும் எழுதிப்புட்டேன். அது நூல் சுத்துற பாபினு கோளாறு. ஆறு மாசங் கழிச்சு எங்க மில்லுல அதே மாதிரி வந்தப்பத்தான் புரிஞ்சுச்சு. எவ வேல போச்சோ, எந்தப் புள்ளையோ. எத்தன நாளு தூக்கம் வரல தெரியுமா?”

முத்துக்கிருஷ்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அதில் ஆயிரக்கணக்கான பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவரே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார். எழுதியது தப்பு என்று தாமாக வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. அவரும் ஒரு சைடரைப் பார்த்து, ஆளை மாற்று என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எந்தப் பெண் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று செபாஸ்தியம்மாள் மன்றத்துக்குத் திரும்பி எழுதிய முதல் பதிவுக்கு ‘என் ஏழு தவறுகள்’ என்று தலைப்பு. முழுப்பெயரும், சைடர் என்ற வேலையும் கீழே இருந்தன. ஒவ்வொரு தவறுக்கும் மூன்று வரி. சாயங்காலத்துக்குள் தொண்ணூறு பேர் பதில் எழுதிவிட்டார்கள். டாக்டர் வரதன், தாம் செய்த தவறுகள் பதினான்கு என்று ஒரு பட்டியலை அடியில் சேர்த்தார்.

முத்துக்கிருஷ்ணன் மறுநாளே ராஜபாளையத்து மில்லுக்குப் போன் போட்டார். அந்தச் சைடர் யார், என்ன ஆனாள் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டார். அவர் மில்லிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. ஷிப்டு மாறும்போது வாசலில் நின்று, வெளியே போகிற சைடர்களிடம் அன்றைக்கு என்ன பார்த்தார்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்தார். முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு ஒச்சம்மாளை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஒரு வாரத்தில் ராஜபாளையத்திலிருந்து தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லவே அவர் சென்டருக்குப் போனார். செபாஸ்தியம்மாள் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“அந்தப் பொண்ண வேலைய விட்டு எடுக்கலையாம், அம்மா. கோன் பேக்கிங் பக்கம் மாத்திவிட்டுருக்காங்க. நல்லா இருக்காளாம். தப்பு தன் பேர்லதான்னு மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லி, திரும்ப ரிங் ஃபிரேமுக்கு வர்றியான்னு கேட்டுருக்காரு.”

“என்ன சொன்னாளாம்?”

“வரமாட்டேன்னுட்டாளாம். பேக்கிங்ல உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாமாம்.”

செபாஸ்தியம்மாள் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“உக்காந்த வேலையா! குடுத்து வச்சவ சார் அவ,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தின இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார்.